சர்பிட்டனில் ஒரு வாடகை வீடு: பதினாறரை மாதக் கணக்கு

2024 ஜூன் நடுவில் தம்பி குடும்பம் சென்னையிலிருந்து வந்து லண்டனில் டூட்டிங் பகுதியிலுள்ள எங்கள் ஃபிளாட்டில் இறங்கியது. இரண்டு படுக்கையறையில் எட்டுப் பேர். தம்பிக்கு மத்திய லண்டனில் வாட்டர்லூ ஸ்டேஷன் பக்கம் அலுவலகம், வருடச் சம்பளம் 72,000 பவுண்டு, ஸ்கில்டு ஒர்க்கர் என்கிற வேலை விசா. மகளுக்குப் பத்து வயது, செப்டம்பரில் ஆறாம் ஆண்டு வகுப்பு. மகனுக்கு ஆறு வயது, இரண்டாம் ஆண்டு. வந்த வாரமே தம்பி சொன்னான்: “நல்ல ஸ்கூல், பக்கத்துல ஸ்டேஷன், சின்னதா ஒரு தோட்டம். அவ்வளவுதான் அக்கா வேணும். ஆதம்பாக்கத்துல பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து எடுக்கலையா, அந்த மாதிரிதானே?”

அந்த மாதிரி இல்லை. அன்றிலிருந்து 2025 டிசம்பரில் அவர்கள் வீட்டைக் காலி செய்தது வரை நடந்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். இது அந்த நோட்டிலிருந்து எழுதுவது. லண்டனைச் சுற்றியுள்ள வசதியான ரயில் புறநகர்களில் குழந்தைகளோடு வீடு தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் வாடகையை ஏற்றுவது ரயிலும் பள்ளியும். அதில் நம்மால் செய்ய முடிந்தது குறைவு. நம் பணத்தைக் காப்பாற்றித் தருவது தேதி போட்ட காகிதம். அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

ரயில் போன வழி

சர்பிட்டன் தென்மேற்கு லண்டனில் கிங்ஸ்டன் பரோ என்கிற உள்ளாட்சிப் பகுதிக்குள் இருக்கிறது. கட்டண மண்டலம் 6, அதாவது லண்டனின் வெளி விளிம்பு. ஆனாலும் விரைவு ரயில் பிடித்தால் இருபது நிமிடத்துக்குள் வாட்டர்லூ. நடுவிலுள்ள ஊர்களில் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் நேரத்தில், இன்னும் தள்ளியிருக்கும் சர்பிட்டன்காரர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார். வீட்டு வாடகையின் முதல் காரணம் இதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1830களில் லண்டனிலிருந்து தெற்கே ரயில் பாதை போட்டபோது கிங்ஸ்டன் ஊர்க்காரர்கள் குதிரை வண்டித் தொழில் கெட்டுவிடும் என்று எதிர்த்தார்கள் என்பார்கள். பாதை ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனது. அங்கே முளைத்த குடியிருப்பைக் ‘கிங்ஸ்டன் ஆன் ரயில்வே’ என்றுகூட அழைத்தார்கள். அதுதான் இன்றைய சர்பிட்டன். இன்றும் கிங்ஸ்டன் ஸ்டேஷன் கிளைப் பாதையில்தான் இருக்கிறது, சர்பிட்டன் பிரதான பாதையில். 1930களில் வெள்ளை கான்கிரீட்டில் எழுப்பிய அதன் ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். கடிகாரக் கோபுரமும் உயர்ந்த கண்ணாடி ஜன்னல்களுமாக, காலை வெயிலில் அது நிஜமாகவே அழகு.

இரண்டாவது காரணம் பள்ளி. கிங்ஸ்டனில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு டிஃபின் பள்ளிகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகள். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் மது காய்ச்சும் தொழில் செய்த சகோதரர்கள் இருவர் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக விட்டுப்போன பணத்திலிருந்து வந்த பெயர் அது. தமிழ் வீடுகளில் ‘டிபன் ஸ்கூல்’ என்றால்தான் தெரியும். அந்தப் பெயருக்காகவே இந்தப் பக்கம் குடியேறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகளை வந்த வேகத்தில் அந்தத் தேர்வுக்குத் தள்ள வேண்டாம் என்று சொன்னேன். தேர்வுக்குப் பதிவு கோடையிலேயே முடிந்துவிடும், அதற்காகப் பிள்ளைகள் இரண்டு வருடம் தயாராகிறார்கள். தம்பி கொஞ்சம் வருத்தப்பட்டான். தம்பி மனைவி உடனே சரி என்றாள்.

மூன்று வீடுகள்

ஜூலை முதல் வாரத்தில் மூன்று வீடு பார்த்தோம். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு விக்டோரியா காலத்து வீட்டின் மேல்மாடி ஃபிளாட், இரண்டு அறை, மாதம் 2,300 பவுண்டு. அடுத்தது லாங் டிட்டனில் ஒரு சின்ன வீடு. அந்த ஊர்க்காரர்களும் சர்பிட்டன் ஸ்டேஷனுக்குத்தான் நடந்து வருகிறார்கள். ஆனால் இடையில் ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. அதைத் தாண்டினால் லண்டன் முடிந்து சரே மாவட்டம். கவுன்சில் டேக்ஸ் என்கிற உள்ளாட்சி வரி வேறு இடத்துக்கு, பள்ளி விண்ணப்பமும் சரே வழியாக. விளம்பரத்தில் அதுவும் ‘சர்பிட்டன்’ என்றுதான் இருந்தது. போஸ்ட்கோடைப் போட்டு எந்தக் கவுன்சில் என்று பார்க்காமல் வீடு பார்க்கப் போகவே கூடாது.

மூன்றாவது, பக்கத்து ஊரான டால்வொர்த் பக்கம் சாயும் தெருவில் 1930களில் கட்டிய செமி. ஒரு பக்கச் சுவர் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. முன்னால் வளைந்த பே ஜன்னல், மேலே இரண்டு படுக்கையறையும் ஒரு குட்டி அறையும், பின்னால் நீளமான புல்வெளி. ஸ்டேஷனுக்கு 22 நிமிட நடை, இல்லாவிட்டால் 281ஆம் நம்பர் பஸ். விளம்பர வாடகை 2,550. பார்த்துவிட்டு வெளியே வரும்போதே ஏஜென்ட், “காலையில் பார்த்தவர்கள் கூடுதலாகத் தரத் தயாராக இருக்கிறார்கள்” என்றார். தம்பி அங்கேயே 2,600 சொல்லிவிட்டான். அப்போது அது சட்டப்படி சரி. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் விளம்பரத் தொகைக்கு மேல் கேட்கவோ வாங்கவோ தடை போடுகிறது. தம்பியின் அந்த 50 பவுண்டு மாதாமாதம் போனது.

ஆறு மாத வாடகை முன்பணம்

இங்கே ஏஜென்டுகள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: மாத வாடகையைப் போல 30 மடங்கு வருடச் சம்பளம் வேண்டும். 2,600க்கு 78,000. தம்பிக்கு 72,000. வந்தே ஒரு மாதம்தான், இந்நாட்டில் கடன் வரலாறு எதுவும் கிடையாது. ஜாமீன் நிற்பவருக்கு வழக்கமாக 36 மடங்கு கேட்பார்கள், அதாவது 93,600. என் கணவரின் சம்பளம் அதைத் தொடவில்லை. சரி, அப்படியானால் ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தாருங்கள் என்றார் ஏஜென்ட். 15,600 பவுண்டு.

இதோடு டெபாசிட். 2019 ஜூன் முதல் இங்கிலாந்தில் இதற்கு உச்சவரம்பு உண்டு. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கணக்கு இப்படி: 2,600ஐப் பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுத்தால் வாரம் 600, ஐந்து வாரம் 3,000. வீட்டை நமக்காகப் பிடித்து வைக்கக் கேட்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது, அந்த 600ஐப் பிறகு மற்ற பணத்தில் கழித்துக்கொண்டார்கள். விவரம் சரிபார்க்க, ஒப்பந்தம் தயாரிக்க என்று தனியாக எதுவும் வாங்க முடியாது. ஆக மொத்தம் 18,600 பவுண்டு, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 20 லட்சம் ரூபாய். ஆதம்பாக்கம் அட்வான்ஸ் திரும்பி வந்தது, இருந்த சேமிப்பு, அப்பா அனுப்பியது எல்லாம் அதில் போனது.

அந்த ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். டெபாசிட்டுக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு, முன்வாடகைக்குக் கிடையாது. அது கொடுத்த நிமிடமே வீட்டுக்காரர் பணம். அதைவிட, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே ‘அன்ஃபர்னிஷ்டு’ என்றால் திரைச்சீலைகூட இருக்காது. முதல் மூன்று வாரம் அவர்கள் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். 2,400க்குள் ஒரு வீடு தேடியிருந்தால் சம்பளக் கணக்குக்குப் பொருந்தியிருக்கும். அவசரப்பட்டதற்குக் காரணம் பள்ளித் தேதி, அதைப் பிறகு சொல்கிறேன். புதிய சட்டம் 2026 மே 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதையும் நிறுத்துகிறது. நாடு விட்டு நாடு வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி அந்தச் சட்டத்தில் இல்லை என்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாகச் செய்யவைத்தேன். ‘முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு வாடகை மாதாமாதம்’ என்று ஒப்பந்தத்தில் தனி வரி. ஜனவரியில் வீட்டுக்காரர் “போன தடவை மாதிரியே ஆறு மாதம் சேர்த்து அனுப்புங்கள்” என்று கேட்டார். தம்பி அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினான். பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். ஏஜென்டின் வேலை ஆள் பிடித்துக் கொடுப்பதோடு சரி, வாடகை நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு வாரம் 100 பவுண்டுக்கு மேல் நேரடியாக வாடகை கொடுத்தால், அதில் அடிப்படை வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர்தான். வரித்துறை வீட்டுக்காரருக்கு முழுத் தொகை வாங்க அனுமதி கொடுத்து, அந்தக் கடிதம் நமக்கும் வந்திருந்தால் மட்டும் பிடிக்க வேண்டாம். கையெழுத்துக்கு முன்னால் கேட்டோம், இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அதேபோல, நோட்டீஸ் அனுப்ப இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு முகவரி எழுத்தில் தர வேண்டும் என்பதும் சட்டம். அதையும் வாங்கி வைத்தோம்.

விசா சரிபார்ப்பில் சிக்கல் இல்லை. உள்துறை இணையதளத்தில் விசா விவரத்தைக் காட்டும் ஷேர் கோட் என்கிற குறியீட்டை எடுத்துக் கொடுத்தால் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தனித்தனியாக வேண்டும்.

சாவி வாங்கிய மாலை

2024 ஜூலை 22, திங்கள். சாவியோடு 31 பக்க இன்வென்டரி கையில் கிடைத்தது. அறை அறையாக, சுவர், தரை, கதவுப்பிடி, பல்பு என்று ஒவ்வொன்றின் நிலையும் எழுதிய பட்டியல். பிழையிருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லலாம். தம்பி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனான். “கொஞ்சம் பொறுடா” என்றேன்.

கோடை வெளிச்சம் ஒன்பது மணி வரை இருந்தது. தம்பி மனைவி பட்டியலை வாசித்தாள், நான் பார்த்தேன், தம்பி போனில் படம் எடுத்தான். சமையலறை மேடை ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தது. வெள்ளை லேமினேட். அடுப்புக்கு வலது பக்கம் விரலால் தடவினால் ஒரு சொரசொரப்பு. கெட்டிலை நகர்த்தினோம். ஐம்பது காசு நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு சூட்டுத் தடம். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தோம். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ‘இயங்குகிறது’ என்றிருந்தது. கயிற்றை இழுத்தால் உறுமியது, காற்று இழுக்கவில்லை. ஒரு டிஷ்யூ பேப்பரை அதன் வாயில் வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. அதை வீடியோ எடுத்தோம். பெரிய படுக்கையறைக் கம்பளத்தில் ஜன்னலோரம் வெயிலில் வெளுத்த பட்டை. மாடிப்படியில் நடந்து நடந்து தேய்ந்த நடுப்பகுதி. தோட்டத்தில் வேலிப் பலகை ஒன்று இல்லை. கேஸ் மீட்டர், மின் மீட்டர் எண்கள்.

எல்லாம் சேர்ந்து 212 படம். அன்றிரவே 14 குறிப்புகளோடு ஏஜென்டுக்கும் வீட்டுக்காரருக்கும் மின்னஞ்சல். பதில் வரவில்லை, வரவும் வேண்டியதில்லை. நாம் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது தம்பி, “இவ்வளவும் வேணுமா அக்கா?” என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதமோ இரண்டு மாதமோ பிடித்துக்கொள்வார்கள், நாமும் பேசாமல் மீதியை வாங்கி வருவோம். அந்தப் பழக்கம் நமக்குள் ஊறிப்போனது.

மற்ற காகிதங்கள் சரியாக இருந்தன. வருடா வருடம் எடுக்க வேண்டிய கேஸ் சான்று, ஐந்து வருட மின் சோதனை அறிக்கை, இ.பி.சி. என்கிற எரிசக்திச் சான்று. அதில் ‘டி’ தரம். ‘இ’க்குக் கீழே இருந்தால் வாடகைக்கே விட முடியாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு ஏற்ற மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். 19ஆம் நாள் பதிவுக் கடிதம் வந்தது. தவறினால் டெபாசிட்டைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை வீட்டுக்காரர் தண்டம் கட்ட நேரும்.

வாடகைக்கு மேல் ஒரு செலவு வந்து விழுந்தது, கவுன்சில் டேக்ஸ். நம் ஊரில் வீட்டு வரி வீட்டுக்காரர் பாடு, இங்கே குடியிருப்பவர் கட்ட வேண்டும். 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துத்தான் இன்றும் படிநிலை. இந்த வீடு ‘இ’ படி, வருடத்துக்கு 2,900 பவுண்டை ஒட்டி. லண்டனில் மிக அதிகம் விதிக்கும் கவுன்சில்களில் கிங்ஸ்டனும் ஒன்று. தம்பி வரவு செலவு போட்ட தாளில் இது இல்லவே இல்லை.

பள்ளி

ஏழாம் ஆண்டுக்கு, அதாவது உயர்நிலைப் பள்ளிக்கு, விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 31. அன்று எந்த முகவரியில் இருக்கிறோமோ அதுதான் கணக்கு. தேர்வு வைக்காத பெரும்பாலான பள்ளிகள் அண்ணன் அக்கா படிக்கும் பிள்ளைகளுக்கும் வேறு சில பிரிவினருக்கும் இடம் கொடுத்தபின், வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்கோட்டுத் தூரத்தை அளந்து வரிசைப்படுத்தும். போன வருடம் கடைசியாக எவ்வளவு தூரம் வரை இடம் கிடைத்தது என்பதை வெளியிடுவார்கள். வருடத்துக்கு வருடம் அது மாறும். அதனால் அந்தத் தூரத்தின் விளிம்பில் வீடு எடுப்பது சூதாட்டம். நாங்கள் பார்த்த பள்ளிக்கு முந்தைய வருடக் கடைசித் தூரத்தில் பாதிதான் இந்த வீடு. அவசரப்பட்டு 2,600 கொடுத்ததற்கு இருந்த ஒரே நியாயம் அது. 2025 மார்ச் 3ஆம் தேதி அந்த இடம் கிடைத்தது. மகள் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். “அத்தை, கிடைச்சிருச்சு!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மகன் விஷயத்தை நாங்கள் யோசிக்கவேயில்லை. எதிரே இருக்கும் தொடக்கப் பள்ளியில் அக்காவுக்கு இடம் இருந்தால் தம்பிக்கும் இருக்கும் என்று நினைத்தோம். ஆனால் ஏழு வயது வரையிலான வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆறாம் ஆண்டில் இடம் இருந்தது. இரண்டாம் ஆண்டு 30 நிறைந்துவிட்டது. கவுன்சில் அவனுக்கு ஒன்றரை மைல் தள்ளி இன்னொரு பள்ளியைக் கொடுத்தது.

செப்டம்பர் தொடங்கி ஒன்பது வாரம் தம்பி மனைவி பட்ட பாடு எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு இரண்டு பேரையும் கிளப்பி, மகளை நண்பியின் அம்மாவிடம் விட்டு, மகனோடு நடந்து எட்டே முக்காலுக்கு அந்தப் பள்ளி வாசலில் நிற்பாள். மூன்று மணிக்கு மறுபடி ஓட்டம். மழை நாளில் அவன் ஷூவுக்குள் செய்தித்தாள் சுருட்டி ரேடியேட்டர் பக்கம் வைப்பாள். அவள் வேலை தேடுவதை அந்த ஒன்பது வாரமும் தள்ளிப்போட்டாள். நவம்பரில் காத்திருப்புப் பட்டியலில் இடம் வந்தது. வீடு பார்க்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் வகுப்புக்கும் தனித்தனியாக இடம் இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

சுவரில் கறுப்பு

நவம்பர் கடைசியில் மகள் தூங்கும் வடக்குப் பார்த்த குட்டி அறையில், அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூத்தது. பூஞ்சணம். ஒரு வாரத்தில் கை அகலம். மகளுக்கு ராத்திரியில் இருமல். வீட்டுக்காரர் எழுதிய பதில் இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் கேட்டிருக்கும் பதில்தான்: நீங்கள் வாழும் முறையால் வரும் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பாதி உண்மை அதில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் இரண்டு வேளை குக்கர் ஆவி, ரேடியேட்டர் மேல் காயும் துணி, குளிருக்குப் பயந்து சாத்திய ஜன்னல். மீதிப் பாதி அந்தக் குளியலறை ஃபேன். குளித்த ஆவியெல்லாம் வெளியே போக வழியில்லாமல் வீட்டில் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்ப் படிந்தது. பத்துப் பவுண்டுக்கு ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினோம். காலை 78 சதவீதம் காட்டியது. பத்து நாள் காலையும் மாலையும் எண்களைப் படம் எடுத்து, ஜூலை 22ஆம் தேதி மின்னஞ்சலையும் டிஷ்யூ வீடியோவையும் சேர்த்து அனுப்பினோம். துணியை அன்றிலிருந்து குளியலறையில் கதவைச் சாத்திக் காயப்போட்டார்கள், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினார்கள். அதையும் எழுதினோம்.

ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் பூஞ்சணம் படிந்த வீட்டில் மூச்சுக் கோளாறால் இறந்தபின் இந்த நாட்டில் இதை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்குக் காலக்கெடு விதித்துச் சட்டம் வந்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை விரிக்கப் புதிய சட்டம் வழி செய்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதப்போகிறோம் என்று மூன்றாவது கடிதத்தில் சொன்ன பிறகு, ஜனவரி முதல் வாரம் ஃபேன் மாற்றினார்கள். மீட்டர் 60க்கு இறங்கியது. இருமலும் நின்றது. சுவரைத் தம்பியே கழுவினான், கறை மட்டும் மங்கலாகத் தங்கிவிட்டது.

காலி செய்தது

2025 ஜூலையில் வருட ஒப்பந்தம் முடிந்து மாதக் கணக்குக்கு மாறியது. 2,800 கேட்டார், 2,700க்குப் பேசி முடித்தோம். செப்டம்பர் கடைசியில் பிரிவு 21 நோட்டீஸ் வந்தது. காரணம் சொல்லத் தேவையில்லாத, இரண்டு மாதக் கெடு. வீட்டை விற்கப் போகிறாராம். காகிதங்களை எல்லாம் சரிபார்த்தோம், நோட்டீஸில் குறை இல்லை. 2026 மே 1 முதல் பிரிவு 21 கிடையாது. விற்பதென்றாலும் குடிவந்த முதல் வருடத்துக்குள் வெளியேற்ற முடியாது, நாலு மாதக் கெடுவும் தர வேண்டும். தம்பி குடும்பத்துக்கு அது ஏழு மாதம் தாமதமாக வந்தது.

மகளின் பள்ளி இடம் போய்விடுமோ என்று தம்பி மனைவி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. “அண்ணி, வீடு மாறினா பேரை எடுத்துருவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நேர்மையாக அந்த முகவரியில் குடியிருந்து கிடைத்த இடத்தை, பிறகு வீடு மாறியதற்காக எடுக்க மாட்டார்கள். அதனால் ஸ்டேஷன் வேகத்தை விட்டுக்கொடுத்தோம். டால்வொர்த்தில், அரை மணிக்கு ஒரு ரயில் போகும் கிளைப் பாதை ஓரம், 2,250க்கு ஒரு வீடு. 30 மடங்கு போட்டால் 67,500தான். கையில் ஒரு வருடச் சம்பளச் சீட்டும் இருந்தது. முன்பணப் பேச்சே எழவில்லை.

டிசம்பர் 5ஆம் தேதி சாவியைக் கொடுத்தார்கள். பத்து நாளில் வீட்டுக்காரரின் பட்டியல்: சமையலறை மேடை மாற்ற 620, படுக்கையறைக் கம்பளம் 480, பூஞ்சணக் கறைக்குப் பெயின்ட் 350, தோட்டம் 150. ஆகமொத்தம் 1,600 பவுண்டு. தம்பி போனில் சொன்னது: “போனா போகுது அக்கா. பாதியாவது வருதுல்ல.”

நான் அன்று சாயங்காலமே அங்கே போனேன். டெபாசிட் என்பது குடியிருந்தவரின் பணம். அதிலிருந்து எடுக்க வேண்டும் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். டெபாசிட்டைப் பதிந்த திட்டத்தின் நடுவர் இலவசமாகவே தீர்ப்புச் சொல்வார், யாரும் நேரில் போக வேண்டாம், காகிதத்தை மட்டும் பார்ப்பார். பழைய பொருளுக்குப் பதில் புதிதாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. 900 பவுண்டுக் கம்பளம் பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், ஏழு வருடம் ஆனதை நாம் முழுதாகப் பாழாக்கினாலும் 270க்கு மேல் கேட்க முடியாது. இயல்பான தேய்மானத்துக்கு ஒன்றுமே கேட்க முடியாது.

மேடையில் எங்கள் தவறும் இருந்தது. சூட்டுத் தடம் பழையது. ஆனால் சிங்க் பக்கம் வெள்ளை லேமினேட்டில் மஞ்சள் கறை நம்முடையது. தம்பி மனைவி வெயில் படும்படி அந்த இடத்தைத் திறந்து வைத்து, சோடா மாவு பூசி, எத்தனையோ நாள் தேய்த்தாள். மங்கியது, போகவில்லை. அதை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதிலில் முதல் வரியே அதுதான்: இந்தக் கறை எங்களால் ஏற்பட்டது, நியாயமான தொகை தரச் சம்மதம். புல்வெளியையும் கடைசி மாதம் வெட்டவில்லை, ஒப்பந்தத்தில் அது எங்கள் பொறுப்பு. மற்ற இரண்டுக்கும் ஜூலை படங்கள், மின்னஞ்சல், மீட்டர் எண்கள், ஃபேன் மாற்றிய தேதி, எல்லாவற்றையும் வரிசையாக ஒன்பது பக்கத்தில் கோத்து அனுப்பினோம்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. மேடைக்கு 120, தோட்டத்துக்கு 90. கம்பளம் எப்போது வாங்கியது என்பதற்கு வீட்டுக்காரரிடம் ரசீது இல்லை, வெளுத்த பட்டை முதல் நாள் படத்திலேயே இருக்கிறது, எனவே எதுவும் கிடையாது. பெயின்டுக்கும் கிடையாது: ஃபேன் பழுது முதல் நாளே தெரிவிக்கப்பட்டது, ஐந்து மாதத்துக்கு மேல் சரிசெய்யப்படவில்லை.

1,600 கேட்டதில் 210 போனது. 2,790 பவுண்டு தம்பி கணக்கில் ஏறியது. ஆனால் டால்வொர்த் வீட்டுக்கு 2,596 பவுண்டு டெபாசிட்டை டிசம்பரிலேயே கட்ட வேண்டியிருந்தது, பழையது திரும்பி வரும் முன். நடுவில் அந்தப் பணத்தை என் கணவர் கொடுத்திருந்தார். பணம் வந்த அன்று ராத்திரியே தம்பி டூட்டிங்குக்கு வந்து, “இந்தாங்க அத்தான்” என்று போனில் அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.